தூரத்துச் சர்வரில் ஓடும் புரோக்ராம்களைக் கையாள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

தூரத்தில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில்தான். ஓடவேண்டிய புரோக்ராமைத் தங்கள் இணைப்போடு கட்டிவைத்துவிடுகிறார்கள். நெட் போனால் அதுவும் போய்விடுகிறது. நிறுத்தவேண்டிய புரோக்ராம் யாருடையது, அதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று பார்க்காமல் கொல்லப் பார்க்கிறார்கள். அது மறுபடி எழுந்து வருகிறது, அல்லது பாதி எழுதிய கோப்புகளை விட்டுவிட்டுச் சாகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒவ்வொரு பிராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோக்ராமுக்கும், அதைத் தொடங்கிவைத்த ஒரு பெற்றோர் உண்டு, அந்தப் பெற்றோர் யார் என்று தெரிந்துகொள்வது. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

உதாரணத்துக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வர் ஒன்று. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் படங்கள் ஆயிரக்கணக்கில் அதில் கிடக்கின்றன. டெசராக்ட் மூலம் அவற்றை எழுத்தாக மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இரவு முழுக்க ஓடவேண்டும். அதன் பெயர் ஓசிஆர்.பிஒய்.

கட்டளைகளை உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு அறுந்தால் உள்ளே என்ன நடக்கிறது

தூரத்துச் சர்வருக்குள் லாகின் செய்ய நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச்-ஐ 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு இலோனன் எழுதினார். அதற்கு முன் அந்த வேலைக்கு இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்டுகூடத் திறந்த வடிவில்தான் போகும். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கிலேயே பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட சம்பவம் நடந்தது. அவர் சரிசெய்தது வழியில் ஒட்டுக்கேட்பதை. டெர்மினல் அறுந்தால் அதில் ஓடியவை சாகவேண்டும் என்ற யூனிக்ஸின் பழைய வழக்கம், தொலைபேசி மோடம் காலத்திலிருந்து வந்தது, அப்படியே இருக்கிறது.

நீங்கள் லாகின் செய்ததும், சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்ஹெச்டி உங்களுக்காக ஒரு பேஷ் ஷெல்லை, அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓடவிடும் புரோக்ராமை, திறக்கிறது. அந்த ஷெல்லின் பிள்ளையாக உங்கள் பைத்தான் ஓடுகிறது. வைஃபை போய் இணைப்பு அறுந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஷெல்லுக்கு ஹெச்யுபி என்ற சிக்னலை (பிராசஸுக்குப் போகும் ஒரு சின்ன அறிவிப்பு) அனுப்புகிறது, எண் 1. ஷெல் தான் சாகுமுன் அதைத் தன் பிள்ளைகளுக்கும் அனுப்புகிறது. அந்தச் சிக்னலுக்குத் தனியாக ஏற்பாடு எதுவும் செய்யாத புரோக்ராம் அங்கேயே நின்றுவிடும். எட்டு மணி நேர வேலை ஏழாவது மணியில் போவது இப்படித்தான்.

பலரைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கே உண்டு. வேலையின் கடைசியில் & போட்டுப் பின்னணியில் ஓடவிட்டு, எக்ஸிட் என்று அடித்து ஒழுங்காக வெளியே வந்தால், பேஷ் வழக்கமாக ஹெச்யுபி அனுப்புவதில்லை. வேலை தொடரும். அதே வேலை, இணைப்பு தானாக அறுந்தால் சாகும். அதனால்தான் 'நேற்று ஓடியது, இன்று ஏன் செத்தது?' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம். ஒழுங்காக வெளியே வந்தாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை: டெர்மினல் மறைந்த பிறகு ஸ்கிரிப்ட் எதையாவது பிரிண்ட் செய்யப் போனால் பிழை விழுந்து நின்றுவிடலாம். & மட்டும் போதும் என்று நம்பாதீர்கள்.

இணைப்பு அடிக்கடி சும்மாவே அறுகிறதா? உங்கள் கணினியில், ஹோம் அடைவுக்குள் .எஸ்எஸ்ஹெச் அடைவில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' என்று ஒரு வரி சேருங்கள். பேச்சு இல்லாத நேரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னச் செய்தி போய்வரும். டெர்மினல் உறைந்துபோய் எதை அடித்தாலும் அசையவில்லை என்றால், சன்னலை மூட வேண்டாம்: என்டர், அடுத்து ~, அடுத்து புள்ளி. எஸ்எஸ்ஹெச் உடனே கழன்றுவிடும்.

நீளமான வேலையை டிமக்ஸுக்குள் தொடங்குங்கள்

டிமக்ஸ் என்பது, உங்கள் இணைப்பு போனாலும் சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினலைத் தரும் கருவி. லாகின் செய்ததும் முதல் வேலையாக 'டிமக்ஸ் நியூ -எஸ் ஓசிஆர்' என்று அடியுங்கள். எஸ் என்பது செஷன், ஓசிஆர் அதற்கு நாம் வைக்கும் பெயர். திறக்கும் திரையில் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையோடு பி அழுத்தி (பால் என்பதன் பி), கையை எடுத்து, டி அழுத்துங்கள் (டிட்டாச் என்பதன் டி). வெளியே வந்துவிடுவீர்கள், உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப்பை மூடலாம், ஊருக்குப் போகலாம்.

மறுபடி லாகின் செய்து 'டிமக்ஸ் எல்எஸ்' அடித்தால் செஷன்கள் தெரியும். 'டிமக்ஸ் அட்டாச் -டி ஓசிஆர்' அடித்தால், இங்கே டி என்பது டார்கெட், விட்ட இடத்திலேயே திரை திறக்கும். மேலே போன வரிகளைப் பார்க்க கன்ட்ரோல் பி, பிறகு [ அழுத்தி அம்பு விசைகளில் நகருங்கள், க்யூ அழுத்தினால் திரும்பிவிடலாம்.

இது ஏன் வேலை செய்கிறது? பைத்தானின் முன்னோர் வரிசையில் இப்போது எஸ்எஸ்ஹெச்டி இல்லை. டிமக்ஸின் சர்வர் பிராசஸ் தனியாக நிற்கிறது, அதன் கீழ் ஷெல், அதன் கீழ் பைத்தான். உங்கள் இணைப்பு வெறும் பார்வையாளர். டிமக்ஸ் இல்லாத பழைய சர்வரில் ஸ்கிரீன் இருக்கும். 1987-லிருந்து இருக்கிற கருவி, அங்கே பி-க்குப் பதில் கன்ட்ரோல் ஏ.

இரண்டும் இல்லையா? 'நோஹப் பைத்தான்3 -யு ஓசிஆர்.பிஒய் > ஓசிஆர்.லாக் 2>&1 &' என்பது போதும். அந்த -யு முக்கியம். இல்லாவிட்டால் பைத்தான் வெளியீட்டைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். லாக் கோப்பு வெகுநேரம் காலியாகக் கிடக்கும், வேலை நின்றுவிட்டது என்று நினைத்து நன்றாக ஓடுவதைக் கொன்றுவிடுவீர்கள்.

எதற்குள்ளும் போடாமல் ஏற்கனவே தொடங்கிவிட்டீர்கள், இப்போது கிளம்பவேண்டும். பதற வேண்டாம். கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், வேலை இடைநிறுத்தமாகும். 'பிஜி' அடித்தால் பின்னணியில் தொடரும். 'டிஸ்ஓன் -ஹெச்' அடித்தால் ஷெல் அதற்கு ஹெச்யுபி அனுப்பாது. ஆனால் வெளியீடு இன்னும் பழைய டெர்மினலையே நோக்கியிருக்கும். அதிகமாகப் பிரிண்ட் செய்யும் ஸ்கிரிப்ட்டுக்கு இது பத்திரமில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்வரில் மற்றவற்றைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோக்ராம் சிஸ்டம்டி. 2016-இல் வந்த அதன் 230-ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லாப் பிராசஸையும் கொல்வதை இயல்பான நடத்தையாக மாற்றியது. டெபியனும் உபுண்டுவும் அதை அணைத்தே வைத்திருக்கின்றன. உங்கள் சர்வரில் டிமக்ஸ்கூடச் சாகிறது என்றால், 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' என்பதோடு உங்கள் பயனர் பெயரைச் சேர்த்து அடியுங்கள். அதன்பின் டிமக்ஸை 'சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் டிமக்ஸ்' என்று தொடங்கினால் தப்பிக்கும்.

என்ன ஓடுகிறது என்று படிப்பது

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதையும் தொடுமுன் 'டாப்' அடியுங்கள். மேலே முதல் வரியில் லோட் ஆவரேஜ் என்று மூன்று எண்கள்: கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. அதோடு 'என்ப்ராக்' கட்டளை காட்டும் கோர் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். 4 கோர் சர்வரில் லோட் 4 என்பது நிறைந்திருக்கிறது என்று பொருள். 12 என்றால் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் லினக்ஸ் இந்தக் கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்திருப்பவர்களையும் சேர்க்கிறது. லோட் அதிகம், சிபியு சும்மா இருக்கிறது, டபிள்யுஏ என்ற சதவீதம் ஏறியிருக்கிறது என்றால் சிக்கல் டிஸ்க்கில். புரோக்ராமைக் கொல்வதால் பயன் கிடைக்காமல் போகலாம்.

டாப்பில் இருக்கும்போது பெரிய எழுத்து எம் அழுத்தினால் மெமரிப்படி, பெரிய எழுத்து பி அழுத்தினால் சிபியுப்படி வரிசை மாறும். சிறிய சி அழுத்தினால் முழுக் கட்டளையும் தெரியும். மெமரிக்கு 'ஃப்ரீ -ஹெச்' அடித்து அவெய்லபிள் என்ற பத்தியைப் பாருங்கள். ஃப்ரீ என்ற பத்தி குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மிச்ச மெமரியை லினக்ஸ் கேஷாக வைத்திருக்கும், கேட்டால் விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது 'பிஎஸ் ஏயுஎக்ஸ்'. நம் ஸ்கிரிப்டுக்கு இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் இரண்டு பத்திகளை விட்டிருக்கிறேன்:

முருகன் 4127 98.6 12.3 … பிடிஎஸ்/0 ஆர்+ 22:14 311:07 பைத்தான்3 ஓசிஆர்.பிஒய்

4127 என்பது பிஐடி, பிராசஸின் எண். 98.6 என்பது ஒரு கோரை ஏறக்குறைய முழுசாகத் தின்கிறது என்பது. 12.3 மெமரி சதவீதம். 22:14-க்குத் தொடங்கியிருக்கிறது, இதுவரை 311 நிமிடம் சிபியு செலவழித்திருக்கிறது. ஆக ஐந்து மணி நேரத்துக்கு மேலாக உண்மையில் உழைத்துக்கொண்டிருக்கிறது, தொங்கிக் கிடக்கவில்லை. இந்த வரியில் நான் முதலில் பார்ப்பது 'பிடிஎஸ்/0' என்பதும் 'ஆர்+' என்பதும்தான். பிடிஎஸ்/0 என்றால் ஒரு டெர்மினலோடு பிணைந்திருக்கிறது. + என்றால் அந்த டெர்மினலில் முன்னணியில் ஓடுகிறது. டெர்மினல் இல்லாமல் ஓடுபவற்றுக்கு அந்த இடத்தில் ? இருக்கும். டிமக்ஸுக்குள் இருப்பதும் பிடிஎஸ் என்றே காட்டும் என்பதால், எந்த டெர்மினல் என்று உறுதிசெய்ய 'பிஎஸ்ட்ரீ -எஸ்பி 4127' அடியுங்கள். முன்னோர் வரிசை ஒரே வரியில் வரும். அதில் எஸ்எஸ்ஹெச்டி இருந்தால், யாரோ ஒருவரின் இணைப்பு அறுந்தால் இந்த வேலை போய்விடும். டிமக்ஸ் இருந்தால் பயமில்லை.

ஆர் இருந்த இடத்தில் வேறு எழுத்துகளும் வரும். எஸ் என்றால் எதற்காகவோ காத்துத் தூங்குகிறது. பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். டி இரண்டு உண்டு: டெல்லி என்பதன் டி என்றால் டிஸ்க் போன்ற ஒன்றுக்காக, எழுப்பவே முடியாத உறக்கம், டைகர் என்பதன் டி என்றால் நிறுத்திவைக்கப்பட்டது. இசட் என்றால் ஜாம்பி.

இன்னும் சந்தேகமா? அந்தப் பிராசஸ் எந்த அடைவில் நின்று ஓடுகிறது என்பதை 'எல்எஸ் -எல் /ப்ராக்/4127/சிடபிள்யுடி' சொல்லும். எந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க 'சுடு எஸ்எஸ் -எல்டிஎன்பி' (சுடு என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவைக்கும் கட்டளை): லிசனிங், டிசிபி, நியூமெரிக், பிராசஸ் என்ற நான்கின் முதலெழுத்துகள்.

நிறுத்துவது

'கில் 4127' என்று அடித்தால் போவது டெர்ம், எண் 15. 'வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு' என்ற கோரிக்கை அது. நன்றாக எழுதப்பட்ட புரோக்ராம் அதைக் கேட்டதும் திறந்த கோப்பை மூடும், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும், டேட்டாபேஸ் பரிவர்த்தனையை முடிக்கும். சில வினாடிகள் கொடுங்கள். பெரிய டேட்டாபேஸ் என்றால் நிமிடங்கள் ஆகலாம். அதற்காக ஆத்திரப்படக் கூடாது, அது உங்கள் டேட்டாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அசையவில்லை என்றால் 'கில் -ஐஎன்டி 4127'. கன்ட்ரோல் சி அழுத்துவதற்குச் சமம், பைத்தான் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் இதை மதிக்கும். அதற்கும் அசையாவிட்டால்தான் 'கில் -9'. ஒன்பதை எந்தப் புரோக்ராமும் பிடிக்கவோ மறுக்கவோ முடியாது. கெர்னலே நேராக முடித்துவிடும். அதனால்தான் அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன். எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும், பூட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும், அடுத்தமுறை தொடங்கும்போது 'ஏற்கனவே ஓடுகிறது' என்று புரோக்ராம் மறுக்கும். பழக்கதோஷத்தில் முதலிலேயே ஒன்பது அடிப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

ஒன்பதுக்கும் அசையாத இரண்டு வகை உண்டு. எழுப்ப முடியாத உறக்கத்தில் இருப்பது, காத்திருக்கும் டிஸ்க்கோ நெட்வொர்க் அடைவோ பதில் சொல்லும்வரை சாகாது. சரிசெய்யவேண்டியது அந்த டிஸ்க்கை. ஜாம்பி ஏற்கனவே செத்துவிட்டது. அதன் முடிவுக் குறியைப் பெற்றோர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மெமரி, சிபியு எதையும் தின்னாது. அது போகவேண்டும் என்றால் பெற்றோரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கொல்லாமல் சற்றே நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. 'கில் -ஸ்டாப் 4127' அடித்தால் உறைந்து நிற்கும், 'கில் -கான்ட் 4127' அடித்தால் தொடரும். சிக்னல் பெயரைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். பகலில் இணையதளத்துக்குக் கூட்டம் வரும்போது நம் ஓசிஆர் வேலையை இப்படி நிறுத்திவிட்டு, இரவில் தொடரலாம். மெமரி மட்டும் விடுபடாது. நிறுத்தாமல் ஓரங்கட்டினால் போதும் என்றால் 'ரீநைஸ் -என் 19 -பி 4127'. மற்றவர்கள் சிபியு கேட்டால் இதற்கு மிகக் கொஞ்சம்தான் போகும். நைஸ் அளவு -20 முதல் 19 வரை. சாதாரணப் பயனர் எண்ணை ஏற்றலாம். இறக்குவதற்கு ரூட், அதாவது நிர்வாகி, வேண்டும்.

பெயரை வைத்துக் கொல்லும் 'பிகில் -எஃப்' வசதியானது, அதே அளவு ஆபத்தானது. கட்டளை வரியில் எங்கே அந்தச் சொல் இருந்தாலும் பிடித்துவிடும்: 'பிகில் -எஃப் ஓசிஆர்' அடித்தால், நீங்கள் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தத் திறந்துவைத்திருக்கும் எடிட்டரும் போகும். முதலில் 'பிக்ரெப் -ஏஎஃப் ஓசிஆர்' அடித்து யார் யார் மாட்டுகிறார்கள் என்று கண்ணால் பாருங்கள்.

கொன்றதும் வேறு பிஐடியோடு மறுபடி வருகிறதா? யாரோ அதை எழுப்புகிறார்கள். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்பதோடு அந்தப் புதிய பிஐடியையே கொடுத்துக் கேளுங்கள்; அது எந்த சர்வீஸுக்குச் சொந்தம் என்று சிஸ்டம்டி சொல்லிவிடும். அதன்பின் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' என்று அந்த சர்வீஸின் பெயரில்தான் நிறுத்தவேண்டும். டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோக்ராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) இருப்பது என்றால் 'டாக்கர் ஸ்டாப்': அது டெர்ம் அனுப்பி வழக்கமாக 10 வினாடி பொறுத்து, பிறகுதான் ஒன்பதை அனுப்பும்.

எஸ்எஸ்ஹெச்டியின் அமைப்பையோ ஃபயர்வாலையோ தொடும்போது மட்டும், இரண்டாவது சன்னலில் இன்னொரு லாகினைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் மூன்றாவதாகப் புதிதாக ஒரு லாகின் உள்ளே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை மூடவேண்டும். தூரத்துச் சர்வரில் உங்களை நீங்களே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டால், உள்ளே போய்த் திறக்க ஆள் கிடையாது.

நிரந்தரமாக ஓடவேண்டியதை சிஸ்டம்டியிடம் கொடுங்கள்

சர்வர் ரீபூட் ஆனால் டிமக்ஸும் அதன் பிள்ளைகளும் போய்விடும். இணையதளம், டெலிகிராம் பாட் போன்று எப்போதும் ஓடவேண்டியவற்றை டிமக்ஸில் வைப்பது தவறு. பிஐடி 1 ஆக இருக்கும் சிஸ்டம்டியே அவற்றுக்குப் பெற்றோராக இருக்கட்டும்.

/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் ஓசிஆர்.சர்வீஸ் என்று ஒரு கோப்பு போதும். [சர்வீஸ்] பகுதியில் நான்கு வரிகள்: 'எக்ஸெக்ஸ்டார்ட்=' என்பதில் பைத்தானுக்கும் ஸ்கிரிப்டுக்கும் முழுப் பாதை; 'யூசர்=' என்பதில் ரூட் அல்லாத பயனர்; 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்'; 'ரீஸ்டார்ட்செக்=5'. கீழே [இன்ஸ்டால்] பகுதியில் 'வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்'. வரியின் பெயர்களிலும் பகுதிகளின் பெயர்களிலும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரியது. பிறகு 'சுடு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அப்புறம் 'சுடு சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் ஓசிஆர்'.

ரீஸ்டார்ட்செக் எழுதாவிட்டால் இடைவெளி 100 மில்லிவினாடிதான். 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் எழுந்து வருவதற்குள் உங்கள் புரோக்ராம் விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் நிரந்தரமாகப் படுத்துவிடுவது இதனால்தான். 5 வினாடி இடைவெளி அந்தச் சிக்கலைத் தீர்க்கும். நிறுத்தும்போது டெர்ம் அனுப்பி வழக்கமாக 90 வினாடி பொறுப்பார்; அதிக நேரம் தேவைப்படும் புரோக்ராமுக்கு 'டைம்அவுட்ஸ்டாப்செக்=' என்று ஏற்றிக்கொள்ளலாம். 'மெமரிமேக்ஸ்=2ஜி' (ஜி பெரிய எழுத்து), 'சிபியுகோட்டா=50%' (சிபியு முழுக்கப் பெரிய எழுத்து) என்று எல்லையும் போடலாம். ஒரே சர்வரில் பல வேலைகள் ஓடினால் இந்த இரண்டு வரிகளை நான் கட்டாயம் எழுதச் சொல்வேன்.

என்ன நடக்கிறது என்று பார்க்க 'ஜர்னல்சிடிஎல் -யு ஓசிஆர் -எஃப்'. வரிகள் வர வரத் தெரியும்.

தானாகச் செத்தது என்றால்

எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் புரோக்ராம் காணாமல் போனால் முதல் சந்தேகம் மெமரி மேல். மெமரி தீர்ந்தால் கெர்னல் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிகம் தின்றவர்தான் மாட்டுவார். டெர்மினலில் 'கில்ட்' என்று ஒரே சொல் தெரியும், முடிவுக் குறி 137 ஆக இருக்கும்: 128-உம் 9-உம். சர்வீஸாக ஓடியிருந்தால் ஸ்டேட்டஸில் 'ஓஓஎம்-கில்' என்று இருக்கும். உறுதிசெய்ய 'சுடு ஜர்னல்சிடிஎல் -கே' அடித்து அதே நேரத்தைத் தேடுங்கள். யாரைக் கொன்றது, எவ்வளவு மெமரி வைத்திருந்தார் என்பதெல்லாம் இருக்கும். படங்களை மொத்தமாக ஏற்றாமல் ஒவ்வொன்றாக ஏற்றும்படி ஸ்கிரிப்டைத் திருத்துவதே சரியான வைத்தியம். ஸ்வாப் (மெமரி போலப் பயன்படும் டிஸ்க் இடம்) சேர்ப்பது கொஞ்சம் அவகாசம் மட்டும் தரும்.

இரண்டாவது சந்தேகம் டிஸ்க். 'டிஎஃப் -ஹெச்' 100% காட்டுகிறது, பெரிய லாக் கோப்பை அழித்துவிட்டீர்கள், ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோப்பை ஒரு பிராசஸ் இன்னும் திறந்துவைத்திருக்கிறது. அது மூடும்வரை இடம் விடுபடாது. 'சுடு எல்எஸ்ஓஎஃப் +எல்1' அடித்தால், எல் பெரிய எழுத்து, அழிக்கப்பட்டும் பிடியில் இருக்கும் கோப்புகளும் பிடித்திருப்பவர்களின் பிஐடியும் வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அடுத்தமுறை, ஓடும் புரோக்ராமின் லாக்கை அழிக்காமல் 'ட்ரன்கேட் -எஸ் 0' என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுத்துக் காலிசெய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமலே இடம் கிடைக்கும்.